உள்ளங்கை அளவு குரோஷே பனிமனிதன்: நூல் வாங்குவது முதல் டிசம்பர் சந்தையில் விற்பது வரை

வெள்ளை உடல், கறுப்புக் கண், ஆரஞ்சு மூக்கு, சிவப்புத் தொப்பி, கழுத்தில் ஒரு துண்டு. தொப்பி இல்லாமல் சுமார் 8 செ.மீ. உயரம், எடை 15 கிராம் அளவு. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடலாம், குடிலுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கலாம், திறந்த இல்ல உபசரிப்புக்கு வருகிறவர்களுக்குக் கையில் கொடுத்தனுப்பலாம். பொருள் செலவு ஒன்றுக்கு 2 ரிங்கிட் சொச்சம்தான். நேரம்தான் அதிகம் பிடிக்கும். புதியவர்களுக்கு முதல் பொம்மை முடிய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். கை பழகிய பிறகு 2 மணி நேரம்.

குரோஷே ஊசியைப் பிடித்து செயினும் சிங்கிள் குரோஷேயும் போடத் தெரிந்திருந்தால் போதும், இந்த வழிகாட்டியைப் பின்பற்றலாம். ஸ்டிச் என்று எல்லோரும் சொல்வதை இங்கே கண்ணி என்று எழுதுகிறேன். இன்கிரீஸ் என்பது கூட்டல், ஒரே கண்ணியில் இரண்டு சிங்கிள் போடுவது. டிக்ரீஸ் என்பது குறைத்தல், இரண்டு கண்ணியை ஒன்றாக்குவது.

1. முதலில் நாள்காட்டியைப் பாருங்கள்

வீட்டு மரத்துக்கு நாலைந்து பொம்மை போதும் என்றால் நவம்பரில் தொடங்கலாம். விற்பதற்கு 30 வேண்டும் என்றால் கணக்கு வேறு. ஒன்றுக்கு 2 மணி நேரம், மொத்தம் 60 மணி நேரம். வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் பின்னுகிறவருக்கு அது முழுதாக இரண்டு மாதம். நடுவில் தீபாவளி வருகிறது. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் அது எந்த நாளில் விழுந்தாலும், முறுக்கு சுடும் அந்த இரண்டு வாரத்தில் ஊசியைத் தொட முடியாது. தொடவும் கூடாது, காரணம் 5-ஆம் பகுதியில் இருக்கிறது. ஆகவே செப்டம்பர் தொடக்கத்தில் நூல் வாங்கி, தீபாவளிக்கு முன்பே உடல்களை எல்லாம் பின்னி முடியுங்கள். தொப்பி, துண்டு, மூக்கு எல்லாம் நவம்பருக்கு. தேவாலயச் சந்தைகளும் பேரங்காடி மேசைகளும் பெரும்பாலும் டிசம்பர் முதல் இரண்டு வார இறுதிகளில் வரும். 20-ஆம் தேதிக்கு மேல் பனிமனிதனை வாங்க வருகிறவர்கள் குறைவு.

2. நூல்

புதியவர்களுக்கு 5 இழை மில்க் காட்டன் நூலைத்தான் சொல்வேன். பெயரில் பால் இருந்தாலும் பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல். 50 கிராம் உருண்டை 4 முதல் 7 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும், கடைக்குக் கடை மாறும். கோலாலம்பூரில் மஸ்ஜித் ஜாமெக் எல்ஆர்டி நிலையத்தில் இறங்கி ஜாலான் மஸ்ஜித் இந்தியா, ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கம் நடந்தால் துணிக்கடைகளும் தையல் சாமான் கடைகளும் வரிசையாக இருக்கும். பினாங்கில் ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியாவும் சௌராஸ்தா சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களும். இணையத்தில் வாங்கினால் மலிவு என்பது உண்மைதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதையும் அஞ்சல் கட்டணத்தையும் சேர்த்த பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெள்ளை நூலை மட்டும் முடிந்தவரை நேரில் பார்த்து வாங்குங்கள். வெள்ளையில் பால் வெள்ளை, சுத்த வெள்ளை, தந்த வெள்ளை என்று பல உண்டு. கைத்தொலைபேசித் திரையில் எல்லாம் ஒன்றுபோல் தெரியும். உடலுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று என்று கலந்துவிட்டால் கழுத்தில் கோடு போட்டது போல் நிற்கும். ஒரே நிறம், ஒரே சாயத் தொகுதி எண், தேவையான அளவு மொத்தமும் ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். ஒரு பொம்மைக்கு வெள்ளை நூல் 6 முதல் 7 கிராம் போகும். 30 பொம்மைக்கு 200 கிராம் என்று கணக்கு வந்தாலும் 4 உருண்டை வாங்கி நிறுத்தாதீர்கள், 5 வாங்குங்கள். பிரித்துப் பிரித்துப் பின்னிய நூல் பஞ்சு பஞ்சாக எழும்பி வீணாகும்.

இரண்டு பொறிகள் இங்கே இருக்கின்றன.

முதலாவது, பஞ்சுபோன்ற வெல்வெட் நூல். பனி மாதிரியே இருக்கிறது என்று கடையில் கை தானாக அதன் பக்கம் போகும். அதில் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியாது; விரலால் தடவித்தான் எண்ண வேண்டும். பத்து பொம்மை முடித்த பிறகு அதைத் தொடுங்கள்.

இரண்டாவது, சாயம் விடும் சிவப்பு. தொப்பிக்கும் துண்டுக்கும் வாங்கும் சிவப்பு, கரும்பச்சை, கருநீல நூல்களில் சில, ஈரம் பட்டதும் சாயம் விடும். வெள்ளைக் கழுத்தில் இளஞ்சிவப்புக் கறை ஏறிவிட்டால் பொம்மை அவ்வளவுதான். ஒரு வெள்ளை டிஷ்யூவை நனைத்து, நூலின் நுனியை அதற்குள் வைத்து விரலால் பத்து விநாடி அழுத்துங்கள். டிஷ்யூவில் நிறம் இறங்கினால் அந்த நூல் இந்த வேலைக்கு வேண்டாம். வாங்கிய அன்றே செய்துவிடுங்கள். பில் கையில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளலாம்.

3. ஊசியும் மற்றதும்

ஊசி 2.5 மி.மீ. நூல் உறையில் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் போட்டிருந்தாலும் பொம்மைக்கு அது பெரிது. கண்ணிகளுக்கு நடுவே ஓட்டை விழும். கை தளர்வாகப் பின்னுகிறவர்கள் 2.25-க்கு இறங்கலாம். ரப்பர் பிடி உள்ளது வாங்குங்கள், கட்டைவிரல் வலி பாதி குறையும். கறுப்புப் பாதுகாப்புக் கண்கள் 5 அல்லது 6 மி.மீ., பின்பக்க வளையத்தோடு. திணிக்க பாலியஸ்டர் பஞ்சு, ஒரு பொம்மைக்கு 5 கிராம் அளவு. 200 கிராம் பொட்டலம் 30 பொம்மைக்குத் தாராளம். கூர் மழுங்கிய தடித்த தையல் ஊசி ஒன்று, சின்னக் கத்தரி, சுற்றின் தொடக்கத்தைக் குறிக்க ஒரு ஊக்கு. ஆரஞ்சு நூலும் கறுப்பு எம்பிராய்டரி நூலும் கொஞ்சம்.

பஞ்சில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பழைய தலையணையிலிருந்து எடுத்த இலவம்பஞ்சு கண்ணி வழியாக வெளியே வரும். மருந்துக்கடைப் பஞ்சு உருண்டு கட்டியாகும். இரண்டுமே நம் ஊர் ஈரத்தை உறிஞ்சி உள்ளே பூஞ்சை பிடிக்கும். வெளியே வெள்ளையாக இருக்கும் பொம்மையில் உள்ளிருந்து நாற்றம் வந்தால் சரிசெய்ய வழியில்லை.

4. எந்த முறை என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள்

இங்கே புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இதில்தான். மலேசியாவில் மூன்று வகை வழிமுறைகள் புழங்குகின்றன. அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்பார்கள். பழைய பிரிட்டிஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு அமெரிக்க டபுள் போட்டால் உடல் உருண்டையாக வராது, நீண்டு குழாயாகி, ஓட்டைகளோடு நிற்கும். மூன்றாவது, இணையத்தில் வாங்கும் பெட்டிகளோடு வரும் சீனத் தாள். அதில் எக்ஸ் என்றால் சிங்கிள், வி என்றால் கூட்டல், ஏ என்றால் குறைத்தல். டி என்பது ஹாஃப் டபுள், எஃப் என்பது டபுள். இந்த ஐந்து எழுத்தும் மனப்பாடமானால் சீனம் தெரியாமலே அந்தத் தாளைப் படித்துவிடலாம். அதில் 6வி என்று போட்டு அடைப்புக்குறிக்குள் 12 இருந்தால், ஆறு முறை கூட்டல், சுற்றின் முடிவில் 12 கண்ணி.

கழுத்துத் துண்டைத் தவிர, கீழே இருப்பது எல்லாம் அமெரிக்க சிங்கிள் குரோஷே. சுருளாகப் போகும், சுற்று முடிந்ததும் ஸ்லிப் ஸ்டிச் போட்டு மூடக் கூடாது. மூடினால் முதுகில் தழும்பு போல ஒரு கோடு ஏறும், வெள்ளையில் அது பளிச்சென்று தெரியும்.

5. உடல்

கையை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகு உட்காருங்கள். இதைச் சடங்காகச் சொல்லவில்லை. நம் வீடுகளில் கையில் மஞ்சள் இருக்கும், தேங்காய் எண்ணெய் இருக்கும். சமையல் முடித்துவிட்டு கழுவியதாக நினைத்து வந்தாலும் நகக்கண்ணில் மஞ்சள் தங்கியிருக்கும். வெள்ளை நூல் இழுபடும் ஆள்காட்டி விரலில்தான் அது இருக்கும். ஏழாவது, எட்டாவது சுற்றில் மெல்லிய மஞ்சள் வளையம் தெரியும்போது பிரிக்கவும் மனம் வராது, விடவும் மனம் வராது. மஞ்சள் கறை நூலிலிருந்து முழுதாகப் போகாது. தீபாவளிப் பலகாரம் செய்யும் நாள்களில் வெள்ளை நூலை அலமாரியிலேயே விடச் சொன்னது இதனால்தான். வியர்க்கும் கை என்றால் மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள், மடியில் ஒரு சுத்தமான துண்டு விரித்துக்கொள்ளுங்கள். நூல் உருண்டை தரையில் உருளாமல் ஒரு கிண்ணத்தில் இருக்கட்டும்.

சுற்று 1: மேஜிக் ரிங்கில் (நூலை விரலில் வளையமாகச் சுற்றி, அதற்குள் கண்ணிகளைப் போட்டு, வால் நூலை இழுத்து மூடும் தொடக்கம்) 6 கண்ணி.
சுற்று 2: ஒவ்வொன்றிலும் கூட்டல், 12.
சுற்று 3: 1 சிங்கிள், 1 கூட்டல், ஆறு முறை, 18.
சுற்று 4: 2 சிங்கிள், 1 கூட்டல், ஆறு முறை, 24.
சுற்று 5: 3 சிங்கிள், 1 கூட்டல், ஆறு முறை, 30.
சுற்று 6 முதல் 10 வரை: கூட்டாமல் குறைக்காமல், ஒவ்வொன்றும் 30.
சுற்று 11: 3 சிங்கிள், 1 குறைத்தல், ஆறு முறை, 24.
சுற்று 12: 2 சிங்கிள், 1 குறைத்தல், ஆறு முறை, 18.

மேஜிக் ரிங் வரவில்லையா? 2 செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினுக்குள் 6 சிங்கிள் போடுங்கள். நடுவில் சின்ன ஓட்டை இருக்கும். அடிப்பக்கம்தானே, வால் நூலால் தைத்து மூடிவிடலாம். மேஜிக் ரிங் போட்டவர்கள் வால் நூலை இறுக்கியதோடு விடாமல், எதிர்த் திசையில் ஒரு சுற்று ஓட்டித் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் பஞ்சு அழுத்தும்போது ரிங் விரிந்து, அடியில் வாய் பிளக்கும்.

சுற்று 6-இல் தட்டு கிண்ணமாக வளையத் தொடங்கும். இந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் சின்னச் சின்ன 'வி' வடிவங்கள் வரிசையாகத் தெரிய வேண்டும். குறுக்குக் கோடுகள் உள்பக்கம் இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் கிண்ணத்தை விரலால் தள்ளி உள்வெளி மாற்றுங்கள். உடல் மூடிய பிறகு மாற்ற முடியாது.

ஒவ்வொரு சுற்று முடிவிலும் எண்ணுங்கள். வெள்ளையில் எண்ணுவது கடினம், இரவு விளக்கில் இன்னும் கடினம். மடியில் கறுப்புத் துணி விரித்து, அதன்மேல் வைத்து எண்ணினால் கண்ணி தெளிவாகத் தெரியும். சுற்று 2-இலோ 3-இலோ ஒரு கண்ணி குறைந்தால் பிரித்துவிடுங்கள். அது அடுத்தடுத்த சுற்றுகளில் வளர்ந்து உருண்டையைக் கோணலாக்கும். சுற்று 8-இல் 29 வந்தால் பிரிக்க வேண்டாம். அடுத்த சுற்றில் முதுகுப் பக்கம் ஒரு கூட்டல் போட்டு 30 ஆக்குங்கள், யாருக்கும் தெரியாது.

குறைத்தல் போடும்போது இரண்டு கண்ணிகளின் முன் இழைகளை மட்டும் ஊசியில் எடுத்து, நூலைச் சுற்றி இரண்டிலும் ஒன்றாக இழுத்து, பிறகு சிங்கிள் போல முடியுங்கள். வழக்கமான குறைத்தலில் வரும் முடிச்சு மேடும் ஓட்டையும் இதில் வராது.

6. பஞ்சு திணிப்பது, தலை, கண்

சுற்று 12 முடிந்ததும் உடலுக்குப் பஞ்சு. மொத்தமாக ஒரு கட்டியைத் தள்ளாதீர்கள். சிட்டிகை சிட்டிகையாகப் பிய்த்து, விரலால் கோதி, முதலில் ஓரங்களில், பிறகு நடுவில். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து உடனே திரும்ப வர வேண்டும். வராமல் பள்ளமாகவே நின்றால் பஞ்சு போதாது. கண்ணிகள் விரிந்து பஞ்சு எட்டிப் பார்த்தால் அதிகம்.

அதன் மேலேயே நூலை அறுக்காமல் தலை தொடங்கும்.

சுற்று 13: 2 சிங்கிள், 1 கூட்டல், ஆறு முறை, 24.
சுற்று 14 முதல் 18 வரை: ஒவ்வொன்றும் 24.

இங்கே நிறுத்துங்கள். கண் வைக்கும் நேரம் இதுதான். சுற்று 15-க்கும் 16-க்கும் நடுவில், இரண்டு கண்ணுக்கும் இடையே 5 கண்ணி விட்டு வையுங்கள். எண்ணி வைத்த பிறகும் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். சுருள் பின்னல் வலது கைக்காரர்களுக்கு மெதுவாக வலப்பக்கம் சாயும், எண்ணிக்கை சரியாக இருந்தாலும் முகம் உடலைவிட்டுத் திரும்பியதுபோல் தெரியும். அப்போது ஒரு கண்ணி நகர்த்துங்கள். கண்ணின் தண்டைச் செருகிப் பார்க்கலாம், எடுக்கலாம். பின் வளையத்தைப் போட்டு 'டக்' என்று சத்தம் கேட்டுவிட்டால் அதோடு சரி, எடுக்க வராது. கண்கள் நெருங்கினாலும் கீழே இறங்கினாலும் முகம் சின்னப் பிள்ளை மாதிரி வரும். விலகினால் திகைத்த முகம் வரும். 5 கண்ணி நடுவாந்தரம்.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டுக்குப் போகும் பொம்மை என்றால் பிளாஸ்டிக் கண்ணே வேண்டாம். கறுப்பு நூலால் கண்ணைத் தையுங்கள். பாதுகாப்புக் கண் என்பது பெயர்தான். கண்ணி தளர்வாக இருந்தால் வளையத்தோடு சேர்ந்தே வெளியே வந்துவிடும்.

சுற்று 19: 2 சிங்கிள், 1 குறைத்தல், ஆறு முறை, 18. கழுத்துக்கும் தலைக்கும் பஞ்சு திணியுங்கள்.
சுற்று 20: 1 சிங்கிள், 1 குறைத்தல், ஆறு முறை, 12. இன்னும் கொஞ்சம் பஞ்சு.
சுற்று 21: ஆறு முறை குறைத்தல், 6.

நூலை 20 செ.மீ. விட்டு அறுத்து, தையல் ஊசியில் கோத்து, மிச்சமுள்ள 6 கண்ணிகளின் முன் இழைகள் வழியாக ஓட்டி இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும்.

தலை ஆடுகிறதா? கழுத்தில் பஞ்சு போதவில்லை என்று பொருள். உடலுக்கும் தலைக்கும் நடுவில் 18 கண்ணி உள்ள அந்த இடுக்கில்தான் எல்லோரும் குறைவாகத் திணிக்கிறார்கள். ஊசியின் பின்முனையால் நாலு பக்கமும் குத்தித் திணித்திருந்தால் தலை நிமிர்ந்து நிற்கும்.

7. மூக்கும் பொத்தானும்

ஆரஞ்சு நூலில் மேஜிக் ரிங்கில் 4 கண்ணி. அடுத்த சுற்றில் 1 சிங்கிள், 1 கூட்டல், இரண்டு முறை, 6. இன்னொரு சுற்று 6. வால் 15 செ.மீ. விட்டு அறுத்து, கண்களுக்கு நடுவில் சுற்று 14-க்கும் 15-க்கும் இடையே தைக்கவும். விரல் நுனி அளவுள்ள இந்தத் துண்டுதான் புதியவர்களுக்குப் பொறுமையைச் சோதிக்கும். வராவிட்டால் ஆரஞ்சு நூலை அதே இடத்தில் ஐந்தாறு முறை குறுக்காகத் தைத்துவிடுங்கள், அதுவும் அழகுதான். நூல் நுனிகளைத் தலைக்குள் இழுத்து மறைக்கும்போது ஆரஞ்சையும் கறுப்பையும் ஆழமாக, பஞ்சின் நடுவே கொண்டுபோங்கள். மேலோட்டமாக ஓட்டினால் வெள்ளைக்கு அடியில் நரம்பு மாதிரித் தெரியும்.

பொத்தான்கள் இரண்டு, சுற்று 8-இலும் 10-இலும், கறுப்பு நூல் முடிச்சாகவே போடலாம்.

8. தொப்பியும் கழுத்துத் துண்டும்

தொப்பி: 6, 12, 18, 24 என்று உடல் மாதிரியே நான்கு சுற்று. ஐந்தாவது சுற்றில் 7 சிங்கிள், 1 கூட்டல், மூன்று முறை, 27. அதன் பிறகு மூன்று சுற்று 27. தலை 24, தொப்பி 27 என்பதில்தான் சூட்சுமம். 24-இல் நிறுத்தினால் தலையில் ஏறாது, 30-க்குப் போனால் கண்ணை மறைக்கும்.

துண்டு: 47 செயின். ஊசியிலிருந்து மூன்றாவது செயினில் தொடங்கி 45 ஹாஃப் டபுள் (நூலை ஊசியில் ஒரு முறை சுற்றிக்கொண்டு நுழைத்து, நூலை இழுத்து, ஊசியில் இருக்கும் மூன்று வளையத்தையும் ஒன்றாக முடிப்பது). அவ்வளவுதான். சுமார் 20 செ.மீ. வரும், கழுத்தில் சுற்றி ஒரு முடிச்சுப் போடலாம். முதல் செயின்களை இறுக்கிப் போட்டால் துண்டு அரிவாள் மாதிரி வளையும். செயினுக்கு மட்டும் 3 மி.மீ. ஊசி எடுத்துக்கொண்டால் நேராக நிற்கும்.

தொப்பியைப் பசை துப்பாக்கியால் ஒட்டாதீர்கள். வேகம்தான், சந்தேகமில்லை. ஆனால் நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தப் பசை இளகும். சந்தைக்குப் போய்ச் சேரும்போது தொப்பி நழுவி, வெள்ளைத் தலையில் பசை இழை இழையாக ஒட்டியிருக்கும். பத்து நிமிடம் செலவழித்துத் தையுங்கள்.

தொங்கவிடும் கயிறு தொப்பியை மட்டும் பிடித்திருக்கக் கூடாது. தலையின் உச்சியில், சுற்று 20-க்கு அடியில் ஊசியைக் குத்தி எடுத்து, அதே நூலைத் தொப்பியின் நடு ஓட்டை வழியாக வெளியே கொண்டுவந்து முடிச்சுப் போடுங்கள். பாரம் முழுதும் தலை தாங்கும்.

9. ஈரத்திலிருந்து காப்பது

நவம்பர், டிசம்பர் இங்கே மழைக்காலம். பொம்மையை நனைத்துத் துவைத்தால் மேல் நூல் அன்றே காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே பஞ்சு இரண்டு நாள் ஈரமாக இருக்கும். அழுக்கு பட்ட இடத்தை மட்டும் சோப்பு நுரையால் துடைத்து, உலர்ந்த துண்டில் ஒற்றி, மின்விசிறிக்கு முன்னால் வையுங்கள். முடித்த பொம்மைகளை மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கவும். பாச்சை உருண்டை வேண்டாம். அந்த வாடை நூலில் ஏறினால் டிசம்பர் வரை போகாது. சிவப்புத் துண்டு அணிந்த பொம்மைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது நடுவில் வெள்ளைத் தாள் வையுங்கள்.

10. விற்பதென்றால்: பதிவும் ஆவணமும்

நாலு தோழிகளுக்குக் கொடுத்துக் காசு வாங்குவதோடு நிற்காமல், தொடர்ந்து விற்கப் போகிறீர்கள் என்றால் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் வியாபாரத்தைப் பதிய வேண்டும். இணையத்தில் மட்டும் விற்றாலும் அப்படித்தான். தொடங்கி 30 நாளுக்குள் பதிவு நடந்தாக வேண்டும். சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 ரிங்கிட். கடைக்கென்று தனிப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். ஒரே தடவையில் ஐந்தாண்டு வரை கட்டலாம். மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும், 18 வயது நிரம்பியவர்கள், பதியலாம். எஸ்எஸ்எம்-இன் ஈஸிபிஸ் இணையத் தளத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம். நேரில் போக விரும்பினால் கோலாலம்பூர் சென்ட்ரலில், பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்திலேயே, மெனாரா எஸ்எஸ்எம் இருக்கிறது. மைகாட், வியாபார முகவரி, வியாபாரம் என்ன என்பதற்கு ஒரு வரி விளக்கம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். பெயர் தேர்வுக்கு இரண்டு மூன்று மாற்று எழுதி வையுங்கள். ஏற்கெனவே இருக்கும் பெயரென்றால் நிராகரிக்கப்படும்.

சந்தையில் மேசை எடுக்கும்போது ஏற்பாட்டாளரிடம் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டியது, ஊராட்சி அனுமதியை யார் எடுக்கிறார்கள் என்பது. கோலாலம்பூரில் அது மாநகர் மன்றம், பினாங்குத் தீவில் பினாங்குத் தீவு மாநகர் மன்றம், பெருநிலத்தில் செபெராங் பிறை மாநகர் மன்றம். பெரும்பாலும் ஏற்பாட்டாளரே எடுத்திருப்பார். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், மேசைக் கட்டணத்தின் ரசீதையும் சேர்த்து.

இணையத்தில் விற்கும்போது படத்தோடு விலையையும் போடுங்கள். 'விலைக்கு பிஎம் பண்ணுங்க' என்று எழுதுவது இங்கே பயனீட்டாளர் சட்டத்துக்கு ஒத்துவராது.

பொம்மை என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் விளையாடுவதற்கென விற்கப்படும் பொம்மைகளுக்கு 2009-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகளின்படி தரச் சோதனையும் சான்றும் தேவை. நீங்கள் விற்பது கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள். அட்டையில் அப்படியே எழுதுங்கள்: 'அலங்காரப் பொருள். விளையாட்டுப் பொருள் அல்ல. சிறு பாகங்கள் உள்ளன.' மலாயிலும் ஆங்கிலத்திலும் அதையே எழுதிக்கொள்ளுங்கள். வாங்க வரும் அம்மா, 'இது பாப்பாவுக்கு விளையாடக் கொடுக்கலாமா?' என்று கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு விற்பனை போனாலும் பரவாயில்லை.

இன்னொன்று, பிரபலமான படங்களில் வரும் பனிமனிதனை அச்சு அசலாகச் செய்து விற்காதீர்கள். அந்த உருவத்துக்கு உரிமையாளர் இருக்கிறார். பிறர் எழுதிய வழிமுறையைப் பார்த்துப் பின்னினால், முடித்த பொருளை விற்கலாமா என்று அந்த வழிமுறையிலேயே எழுதியிருக்கும், படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

11. விலை வைப்பது

50 கிராம் நூல் 5 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால்: வெள்ளை நூல் 65 சென், நிற நூல்கள் 40, பஞ்சு 20, கண்கள் 10, எம்பிராய்டரி நூல், கயிறு 30, அட்டையும் உறையும் 50. மொத்தம் 2 ரிங்கிட் 15 சென்.

'பொருளுக்கு ரெண்டு வெள்ளிதானே, பத்து வெள்ளிக்குக் கொடுத்தா என்ன' என்று கேட்பார்கள். 15 ரிங்கிட்டுக்கு விற்றாலே கையில் நிற்பது 12.85, இரண்டு மணி நேர வேலைக்கு மணிக்கு 6 ரிங்கிட் 40 சென் சொச்சம். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட், மணிக்கணக்கில் 8 ரிங்கிட் 72 சென். 20 ரிங்கிட்டுக்கு விற்றால்தான் மணிக்கு 8.90 வரும், அதிலும் மேசை வாடகையைக் கழிக்க வேண்டும். 20-க்குக் கீழே இறங்காதீர்கள். குறைத்துக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் மூன்று எடுப்பவருக்கு 55 என்று வையுங்கள். நீங்கள் 10-க்கு விற்றால் அடுத்த மேசையில் பின்னி வைத்திருக்கும் பெண்ணும் 10-க்கு இறங்க வேண்டி வரும்.

அஞ்சலில் அனுப்புவதென்றால் பிளாஸ்டிக் உறையில் நசுக்காமல் சின்ன அட்டைப்பெட்டியில் அனுப்புங்கள். மழைக்கு முதலில் ஒரு ஜிப் பையில் போட்டு மூடவும். தீபகற்பத்துக்குள் ஆர்டரை டிசம்பர் 15-ஆம் தேதியோடு நிறுத்துங்கள். சபா, சரவாக்குக்கு 8-ஆம் தேதியோடு.